வான்கோ வரைந்த ஊர்களின் வழியே

நெதர்லாந்துக்காரரான ஓவியர் வின்சென்ட் வான்கோ, 1888 பிப்ரவரியில் பாரிசிலிருந்து ரயிலேறித் தென் பிரான்சின் ஆர்ல் நகரில் இறங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் அருகிலிருந்த சென் ரெமியின் மனநல விடுதியில் சேர்ந்தார். 1890 மே மாதம் பாரிசுக்கு வடமேற்கே உள்ள ஓவேர் கிராமத்துக்குப் போனார். அங்கேயே ஜூலை 29 அன்று, 37 வயதில் இறந்தார். இந்த மூன்று ஊர்களையும் சாலை வழியே தொடர்ந்து செல்வதற்குத் தனியாளாகக் காரோட்டிப் போவதே ஏற்றது. அவர் வரைந்தவற்றில் பெரும்பகுதி வயலோரத்திலும் ஒலிவத் தோப்பிலும் கால்வாய்க் கரையிலும் இருக்கிறது. ஒரு சைப்ரஸ் மரத்தின் முன் வண்டியை நிறுத்தி, வெயில் சாயும்வரை நிற்பதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படக் கூடாது.

பாரிசிலிருந்து ஆர்ல் 700 கிலோமீட்டருக்கும் மேல். லியோனைத் தாண்டி ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் தெற்கே இறங்க இறங்க வெளிச்சம் மாறுகிறது. வடக்கிலிருந்து மிஸ்த்ரால் காற்று வீசினால் வானம் துடைத்துவிட்டாற்போல் தெளிந்துவிடும். திறந்த வெளியில் நிற்பதுதான் கடினம். வான்கோ ஓவியத் தாங்கியின் கால்களைத் தரையில் முளையடித்துக் கட்டித்தான் இந்தக் காற்றில் வரைந்தார். தூரிகைத் தடங்களில் உள்ள வேகத்துக்கு அவருடைய மனநிலையை மட்டும் காரணமாகச் சொல்பவர்கள் இந்தக் காற்றையும் கணக்கில் சேர்ப்பது நல்லது.

ஆர்லில் வியப்பளிப்பது, ஊரே ஓவியத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொண்டிருப்பதுதான். ஃபோரம் சதுக்கத்துக் காபிக்கடையை அவர் 1888 செப்டம்பரில் வரைந்தார். படத்தின் மஞ்சள், எரிவாயு விளக்கு சுவரில் படிந்த நிறம். பின்னாளில் படத்துக்கு ஒப்பாக அந்தச் சுவருக்கே மஞ்சள் பூசிவிட்டார்கள். நண்பகலில் பார்த்தால் அது வெறும் சாயம். காது அறுபட்ட பிறகு அவர் கிடந்த மருத்துவமனையின் முற்றத் தோட்டத்தையும் அவருடைய படத்தை வைத்தே மீண்டும் நட்டிருக்கிறார்கள். ஓவியர் கோகனுடன் அவர் தங்கிய மஞ்சள் வீடு 1944 குண்டுவீச்சில் அழிந்துபோனது. ஆற்றங்கரையை மட்டும் படத்துக்கு ஒப்பாக யாரும் திருத்தவில்லை. இருட்டிய பின் ரோன் நதிப் படித்துறையில் நின்றால், கரைவிளக்குகள் நீரில் நீளமாக இழுபடுவது அவர் வரைந்தபடியே தெரிகிறது.

அங்கிருந்து சென் ரெமி 25 கிலோமீட்டர்தான். அல்பீய் என்னும் வெண்சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் சென் போல் விடுதி நிற்கிறது. இன்றும் அது மனநல மருத்துவமனையாகவே இயங்குகிறது. ஒரு பகுதி மட்டும் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. இந்தப் பயணத்தில் அதிக நேரம் ஒதுக்கத் தக்க இடம் இதுவே. 'விண்மீன் இரவு' 1889 ஜூனில் இங்கே பிறந்தது. கம்பியிட்ட கிழக்குச் சன்னல் வழியாக அவர் வானத்தையும் மதில் சூழ்ந்த கோதுமை வயலையும் பார்த்தார். ஆனால் படத்தில் உள்ள கிராமம் அந்தச் சன்னலிலிருந்து தெரியாது. இரவில் கண்டதைப் பகலில், கீழ்த்தளத்து அறையில் உட்கார்ந்து அவர் வரைந்தார். கிராமத்தைத் தாமே கொண்டுவந்து வைத்தார். அதன் ஊசிக் கோபுரம் இப்பகுதித் தேவாலயங்களைவிட அவருடைய சொந்த நாட்டுத் தேவாலயங்களையே ஒத்திருக்கிறது. குன்றுகளின் வளைவு மட்டும் அப்படியே இருக்கிறது. எது கண்டது, எது சேர்த்தது என்று பிரித்தறியும் இந்த வாய்ப்பு எந்த அச்சுப்படத்திலும் கிடைக்காது. இவ்வளவு தூரம் வந்ததற்கு அதுவே போதுமான பலன்.

வடக்கே திரும்பினால் கடைசி ஊர் ஓவேர். ஏறத்தாழ 70 நாளில் 70-க்கும் மேற்பட்ட ஓவியங்களை இங்கே அவர் முடித்தார். தேவாலயம், ரவூ விடுதியில் அவர் இறந்த சிறிய மாடியறை, கோதுமை மேடு எல்லாமே நடந்து சேரும் தூரம். வண்டியை ஓரிடத்தில் விட்டுவிடலாம். அவருடைய கடைசி ஓவியமாகக் கருதப்படும் 'மர வேர்கள்' எங்கே வரையப்பட்டது என்பது 2020-இல்தான் ஒரு பழைய அஞ்சலட்டையின் உதவியால் தெரியவந்தது. விடுதியிலிருந்து சிறிது தூரத்தில் சாலையோரச் சரிவு அது. கல்லறையில் அவருக்குப் பக்கத்தில் தம்பி தியோ இருக்கிறார். அண்ணன் இறந்த ஆறு மாதத்தில் உட்ரெக்டில் இறந்த தியோவின் உடல் 1914-இல்தான் இங்கே கொண்டுவரப்பட்டது.

மூல ஓவியங்களைத் தேடி இந்த ஊர்களுக்கு வருபவர் ஏமாறுவார். ஓவேர் தேவாலயத்தின் படமும் ரோன் நதி இரவின் படமும் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. 'விண்மீன் இரவு' நியூயார்க்கில் உள்ளது. 'மர வேர்கள்' ஆம்ஸ்டர்டாமில், 1973-இல் திறந்த வான்கோ அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆகவே அருங்காட்சியகங்களைப் பயணத்தின் முடிவில் வைத்துக்கொள்வது நல்லது. மலையையும் சன்னலையும் சரிவையும் முதலில் பார்த்துவிட்டவருக்கு, ஓவியர் எந்த இடத்தில் இயற்கையை விட்டு விலகினார் என்பது ஓவியத்தின் முன் நின்றதுமே புலப்படும்.