இருத்தல்

எங்களுக்குத் திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் இல்லை. இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லப் பழகுவதற்கே எங்களுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முன்பெல்லாம் இந்தச் செய்தியைச் சொன்னவுடன் பின்னாலேயே ஒரு விளக்கமும் எங்கள் வாயிலிருந்து வந்துவிடும். மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம், ஜெபித்துக்கொண்டிருக்கிறோம், ஆண்டவருக்குச் சித்தமானால் அடுத்த வருடம் என்போம். கேட்டவருக்கு ஆறுதல் சொல்லும் பொறுப்பும் எங்களுடையதாகவே இருந்தது. இக்கட்டுரையை எழுதுபவர் எங்களில் ஒருவர்தான். எனினும் பட்டது இருவரும் ஆகையால் 'நாங்கள்' என்றே எழுதுவது முறை என்று தோன்றுகிறது.

தனிமை என்றால் ஒருவர் தனித்திருப்பது என்றே பொதுவாக எண்ணுகிறோம். இருவர் ஒரே கூரையின் கீழ், ஒரே விளக்கின் வெளிச்சத்தில், ஒரே சட்டியிலிருந்து பரிமாறி உண்டுகொண்டு தனித்தனியே இருக்க முடியும் என்பதை நாங்கள் 2016இல் அறிந்தோம். அவ்வாண்டு ஆடி மாதத்தில் மருத்துவர் இனி முயல்வதில் பயனில்லை என்று மெல்லிய குரலில் கூறினார். நல்ல மனிதர். எங்கள் கோப்பை மூடி, இரண்டு கைகளாலும் எங்களிடம் திருப்பிக் கொடுத்தார். பேருந்தில் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வரும்போது நாங்கள் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சின்மை ஏறத்தாழ எட்டு மாதங்கள் நீடித்தது. பால் வாங்கியாயிற்றா, மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்டுக்கொள்வோம். அவை பேச்சில் சேரா.

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பங்களில் மாலை விளக்கேற்றியபின் குடும்ப ஜெபம் உண்டு. எங்கள் வீட்டில் அது நின்றுபோயிற்று. நிறுத்துவது என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. ஒருவர் மற்றவர் முன்னிலையில் வாய்விட்டு ஜெபித்தால் என்ன கேட்க நேருமோ என்னும் அச்சமே காரணம். தனித்தனி அறைகளில் தனித்தனியே ஜெபித்தோம், அல்லது ஜெபிப்பதாக ஒருவரைப் பற்றி மற்றவர் எண்ணிக்கொண்டோம்.

ஆலயத்திலோ நிலைமை வேறு. அங்கே எங்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று கேட்க நான்கு பேராவது இருப்பார்கள். அசனப் பண்டிகையின்போது பந்தியில் அமர்ந்தால் அடுத்த இலையிலிருந்து அக்கேள்வி வரும். கேட்டு முடித்தவர்கள் தவறாமல் அன்னாளின் பெயரைச் சொல்வார்கள். அன்னாளுக்குக் கொடுத்த தேவன் உங்களுக்கும் கொடுப்பார் என்பார்கள். ஞானஸ்நானம் நடைபெறும் ஞாயிறு எதுவென்று ஐயர் முந்தைய வாரமே அறிவித்துவிடுவதால், அந்த ஞாயிறுகளில் எங்களில் ஒருவருக்குத் தலைவலி வந்துவிடும்.

அன்னாளை எங்கள்மேல் ஏவியவர்கள் அவள் கதையின் முடிவை மட்டுமே படித்திருந்தார்கள் என்று அப்போது கசப்போடு எண்ணினோம். சாமுவேலின் முதற்புத்தகத்தில் முதல் அதிகாரத்தை நிறுத்திப் படித்தால் வேறொன்று தெரியும். எல்க்கானா தன் மனைவியை உண்மையாகவே நேசிக்கிறான். பிள்ளைகளுக்கு ஈடாகத் தன்னையே அவள்முன் வைக்கிறான். அதற்கு அன்னாள் என்ன மறுமொழி கூறினாள் என்பது அங்கே எழுதப்படவில்லை. பின்பு அவள் ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய ஜெபிக்கிறாள். ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொள்கிறான். வீட்டில் அன்புள்ளவனுக்கும் அவள் துயரம் எட்டவில்லை. ஆலயத்தில் கற்றறிந்தவனுக்கும் அது விளங்கவில்லை. பிள்ளை பிறப்பதற்கு முன்பே, ஜெபத்தை முடித்து எழுந்தவுடனே, அவள் போய் உணவுண்டாள் என்றும் அவள் முகவாட்டம் நீங்கிற்று என்றும் அந்த அதிகாரம் கூறுகிறது. அந்த இடத்தை எவரும் எங்களுக்குச் சுட்டிக்காட்டியதில்லை. நாங்களும் அதுவரை அதைக் கடந்தே சென்றிருந்தோம்.

2017ஆம் ஆண்டு லெந்து நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மூதாட்டி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற செவிலியர். கணவரை இழந்து நெடுங்காலம் ஆனவர். ஆலயத்தில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் அமர்பவர். அத்தை என்று அழைப்போம். ஒரு தூக்குவாளியில் உளுந்தஞ்சோறும் சிறு கிண்ணத்தில் எள்ளுத் துவையலும் கொண்டுவந்திருந்தார். ஜெபிக்கத்தான் வந்திருப்பார் என்று எண்ணி நாங்கள் வேதப்புத்தகத்தை எடுத்தோம்.

"அது கெடக்கட்டும். சூடு ஆறுமுன்ன சாப்பிடுங்க பிள்ளைகளா" என்றார்.

நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே அமர்ந்திருந்தார். வேறொன்றும் கேட்கவில்லை. வாளியைக் கழுவி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வெள்ளியும் வந்தார். நான்காவது வாரம் என்று நினைவு. வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்க வீட்டுக்காரர் போன வருசம் பூரா எனக்கு ஜெபமே வரல. சங்கீதத்த மட்டும் வாசிச்சிக்கிட்டுக் கெடந்தேன். நமக்கு வாய் வரலன்னா அது பேசிக்கிடும்."

எலியாவின் கதையை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி கண்டவன், யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி வனாந்தரத்தில் ஒருநாள் பயண தூரம் ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து சாவைக் கேட்கிறான். வந்த தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா உண்டான், மறுபடியும் உறங்கினான். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தான். நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குச் சென்ற பிறகுதான் கேள்வியும் மறுமொழியும் வருகின்றன. தான் ஒருவனே மீந்திருப்பதாக எலியா முறையிட, இன்னும் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்னும் செய்தி அங்கே அவனுக்குக் கிடைக்கிறது. அந்த எண்ணிக்கையைச் சூரைச்செடியின் கீழேயே சொல்லியிருந்தால் அவன் செவியில் அது ஏறியிருக்காது. முதலில் சோறு, பிறகு உறக்கம், அதன்பின் நடை, கடைசியில் சொல். அத்தை இந்த வரிசையை எப்படி அறிந்திருந்தார் என்று நாங்கள் பலமுறை வியந்ததுண்டு. செவிலியராக இருந்த அனுபவமாகவும் இருக்கலாம்.

அவர் சொன்னபடியே சங்கீதங்களைத் தொடங்கினோம். ஆலயத்தில் ஐயர் ஒரு வசனமும் சபையார் மறு வசனமுமாக வாசிப்பது வழக்கமல்லவா, அப்படியே எங்களில் ஒருவர் ஒரு வசனம், மற்றவர் அடுத்த வசனம் என்று நாளுக்கொரு சங்கீதம் வாசித்தோம். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை என்பது பேசாமலே ஏற்பட்ட உடன்பாடு. எண்பத்தெட்டாம் சங்கீதம் வந்த மாலையை மறக்க இயலாது. ஏமான் என்பவன் பெயரில் வழங்குவது அது. புலம்பலாகத் தொடங்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவதற்குள் துதியின் பக்கம் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. உற்றாரும் அறிந்தாரும் விலகிப்போனதைச் சொல்லிவிட்டு, எவ்வித விடிவும் காட்டாமல் பதினெட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. அதை வாசிக்கும் முறை எங்களில் யாருக்கு வந்ததோ, அவருடைய குரல் பாதியில் உடைந்தது. மீதியை மற்றவர் வாசித்தார். எட்டு மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சேர்ந்து அழுதோம். இப்படியொரு முறையீட்டைத் திருத்தாமல், ஆறுதலான ஒரு வரியைக் கூட்டி முடிக்காமல், வேதத்துக்குள்ளேயே வைத்துக் காத்திருக்கிறார்களே என்பதே எங்களுக்கு அன்று போதுமான விசுவாசமாக இருந்தது.

இனி எங்கள் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர் கல்லூரியில் அகத்திணை நடத்துபவர். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுவதுண்டு. மாணவர்களும் தேர்வில் பிழையின்றி எழுதிவிடுவார்கள். இரண்டிலும் தலைவன் அருகில் இல்லை. இரண்டிலும் மாலை வருகிறது. இருந்தும் ஒருத்தி இரங்குகிறாள், ஒருத்தி ஆற்றியிருக்கிறாள். வேறுபாடு அவள் கையிலுள்ள ஒரு சொல்லைப் பொறுத்தது. கார்காலத்தில் வருவேன் என்று அவன் சொல்லிப் போயிருக்கிறான். குறுந்தொகையின் 21ஆம் பாடலில், ஓதலாந்தையார் படைத்த தலைவி, காடே கார்காலத்தின் கோலம் பூண்டு நின்றாலும் அதை நம்ப மறுக்கிறாள். காடு தவறாகச் சொல்லலாம், அவர் பொய்யுரைப்பவர் அல்லர் என்பதே அவள் வாதம். அந்த ஆண்டு வகுப்பில் இப்பாடலை நடத்தும்போது எங்களில் அவர் இடையில் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்து வந்து தொடர வேண்டியதாயிற்று. கண்ணெதிரே நிற்கும் சாட்சியைவிடச் சொன்னவரின் இயல்பைப் பெரிதாக எண்ணுவதைத்தான் எங்கள் சபை விசுவாசம் என்கிறது.

ஆனால் ஒன்றை நேர்மையோடு கூற வேண்டும். எங்களுக்குப் பிள்ளை தருவதாக ஆண்டவர் சொல்லவில்லை. அவ்வாறு சொன்னவர்கள் எங்கள் சபையார். அவர் தந்த வாக்கு கூட இருப்பேன் என்பதுதான். இந்த வேறுபாடு விளங்கியபோது அதே தொகைநூலின் 66ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. கார் வந்துவிட்டது, தலைவன் வரவில்லை. கோவர்த்தனார் பாடலில் வரும் தோழி, இது கார்காலமே இல்லை, காலமல்லாத மழையைக் கண்டு ஏமாந்து இந்தக் கொன்றை பூத்துவிட்டது, பேதை மரம் என்கிறாள். அவள் சொல்வது பொய் என்பது அவளுக்கும் தெரியும், கேட்பவளுக்கும் தெரிந்திருக்கும். தலைவி அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு உயிர் தரித்தாள் என்று நாங்கள் கருதவில்லை. பொய்யாவது சொல்லித் தன்னைத் தேற்ற ஒருத்தி அருகில் நிற்கிறாளே என்பதைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அடுத்த வருடம் தொட்டில் கட்டுவோம் என்று சொன்ன அத்தனை பேரும் எங்களுக்குத் தோழியர் ஆனார்கள். அவர்கள்மேல் இருந்த கோபம் ஒரே நாளில் போய்விடவில்லை. குறைந்தது என்று சொல்லலாம்.

அவ்வாண்டு விடுமுறையில் களக்காட்டுக்கு அருகிலுள்ள டோனாவூருக்குச் சென்றுவந்தோம். ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தவர். தாயகம் திரும்பாமலே 1951இல் அங்கே மறைந்தார். மணம் புரியாத அவர், கோயில்களுக்கு ஒப்படைக்கப்பட்ட சிறுமியர்க்கும் வேறு பல குழந்தைகளுக்கும் தாயாக இருந்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எங்களை ஈர்த்தது அவருடைய கடைசி இருபதாண்டுகள். 1931இல் கீழே விழுந்து அடிபட்டபின் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அவ்வறையிலிருந்தே நூல்கள் பல எழுதினார். அவர் கல்லறையில் நினைவுக்கல் இல்லை. பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்று இருக்கிறது. தாய் என்று பொருள்தரும் ஒற்றைச் சொல் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் அங்கே நின்ற அரைமணி நேரத்தில் அவரைப்போல் ஆகிவிட வேண்டும் என்னும் எண்ணம் எதுவும் எழவில்லை. அவ்வளவு பெரிய ஆற்றல் எங்களுக்கு இல்லை. ஓர் அறை இருபது ஆண்டுகளைத் தாங்கும் என்று தெரிந்துகொண்டு திரும்பினோம்.

இப்போது ஞானஸ்நான ஞாயிறுகளில் எங்களுக்குத் தலைவலி வருவதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு ஞானப்பெற்றோராக நின்றிருக்கிறோம். தனிமை போய்விட்டதா என்று கேட்டால் இல்லை என்பதே விடை. டிசம்பர் மாத இரவுகளில் பஜனைக் குழுவினர் வாசலில் பாடிவிட்டு, வீட்டில் உள்ளவர்களின் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கையில், எங்கள் வீட்டின் முறை மிக விரைவில் முடிந்துவிடுகிறது. அந்த விரைவு இன்னும் உறுத்துகிறது. அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனபின் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வந்து அன்றைய சங்கீதத்தை வாசிக்கிறோம். இப்போது முடிவில் சொந்தமாகவும் சில வார்த்தைகள் சேர்ப்பதுண்டு.

அத்தை 2022இல் காலமானார். அவருடைய மகள் சாமான்களைப் பிரித்துக் கொடுக்கையில், என்ன வேண்டும் என்று எங்களைக் கேட்டார். அந்தத் தூக்குவாளியைக் கேட்டு வாங்கி வந்தோம். எங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தனியே இருக்கிறார். மனைவி இறந்து ஓராண்டு ஆகவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். சில வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் வாளியோடு போகிறோம். அவருக்குக் காது மந்தம், மூட்டுவலியும் உண்டு. தட்டியபின் கதவு திறக்க நெடுநேரம் ஆகும். வாசலில் நிற்கிறோம்.