விளக்குக்கு ஒரு தோல்

மகள் கார் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது மனைவி கேட்ட முதல் கேள்வி, "இதில நாங்கள் எங்க இருக்கிறது?" என்பதுதான்.

கேட்டதில் பிழையில்லை. அது 2003ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டா. இரண்டே இரண்டு இருக்கைகள். பின்னால் ஒரு சூட்கேஸ் வைக்கலாம், அவ்வளவுதான். கனடாவுக்கு வந்த இந்த முப்பது வருடத்தில் நாங்கள் வாங்கிய ஒவ்வொரு வாகனத்தையும் எத்தனை பேர் ஏறலாம் என்று எண்ணித்தான் வாங்கினோம். கலியாணவீடு, செத்தவீடு, கோயில், விமானநிலையம் எதுவானாலும் நாங்கள் ஏழு பேராகப் போகிற சனம். மகளோ இரண்டு பேருக்கு மட்டும் இடமுள்ள காரைத் தன் சொந்தக் காசில் வாங்கியிருந்தாள். அதிலேயே தனியாகத் தண்டர்பேக்குப் போகப்போவதாகவும் சொன்னாள். அங்கே ஒரு மருத்துவமனையில் அவளுக்குத் தாதி வேலை கிடைத்திருந்தது. ஸ்காபரோவிலிருந்து ஏறத்தாழ 1400 கிலோமீற்றர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து முன்விளக்குகளைப் பார்த்தேன்.

அது தொழில் பழக்கம். பதினெட்டு வருடமாக ஒரு கராஜில் கார்களுக்குத் தோல் ஒட்டுகிறேன். தோல் என்பது நான் வீட்டில் சொல்கிற பெயர். பொலியூரித்தேன் என்கிற ஒளிபுகும் பிளாஸ்ரிக் படலம் அது. தடிப்பு 0.2 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். பொனற்றுக்கு, பம்பருக்கு, கண்ணாடிக் காதுகளுக்கு எல்லாம் ஒட்டுவோம். விளக்குகளுக்கு ஒட்டுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் வரும். இப்போதைய எல்.ஈ.டி. விளக்குகள் ஒரு சோடியே பல ஆயிரம் டொலர் என்பதால் சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே நின்று பார்ப்பார்கள்.

இந்தக் கார்களுக்கு மூக்குத் தாழ்வு. விளக்கு நிலத்துக்குக் கிட்ட இருக்கும். கற்கள் துள்ளுகிற உயரமும் அதுதான். லொறிச் சில்லு கிளப்பிய கல் எங்களை நோக்கிப் பறந்து வருகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. கல் எழும்பி, காற்றில் வேகம் இழந்து, விழுந்துகொண்டிருக்கும். நாங்கள்தான் ஓடிப்போய் அதில் மோதுகிறோம். அதனால் அடியின் பலம் எங்கள் வேகத்தில் இருக்கிறது. 60இல் போகும்போது வாங்குகிற அடியைவிட 120இல் வாங்குகிற அடிக்கு நான்கு மடங்கு சக்தி. "இடைவெளி விட்டு ஓடுங்கள், அதுதான் முதல் தோல்" என்று வாடிக்கையாளருக்குச் சொல்வேன். சிரிப்பார்கள்.

ஒரு காலத்தில் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அமெரிக்காவில் 1940 முதல் 1983 வரை கார்களுக்கு அளவு வரையறுத்த, முழுதும் மூடிய கண்ணாடி விளக்குகள்தான். உடைந்தால் கழற்றி எறிந்துவிட்டு, மலிவாக இன்னொன்று வாங்கிப் பூட்டலாம். பந்தயக்காரர்கள் அந்தக் கண்ணாடியின்மேல் பெருக்கல் குறி போல ரேப் ஒட்டினார்கள். ரேப் கல்லைத் தடுக்காது. உடைந்த துண்டுகள் ஓடுபாதையில் சிதறி, பின்னால் வருகிறவனின் ரயரைக் கிழிக்காமல் பிடித்துவைத்திருக்கும். சிலர் கம்பிவலை பூட்டினார்கள். அதன் நிழல் தெருவில் விழும். மியாட்டாவின் முதல் வடிவத்தில், 1997 வரை, விளக்குகள் பகலில் பொனற்றுக்குள் உறங்கும். இரவில் மட்டும் இமை திறந்ததுபோல எழும்பும். பகற் கல்லுக்கு அதைவிட நல்ல காப்பு இல்லை. அந்த வகை விளக்குள்ள கடைசிக் கார்கள் 2004இல் நின்றுபோயின.

மகளின் கார் இரண்டாவது வடிவம். விளக்கு எப்போதும் வெளியே. கண்ணாடிக்குப் பதில் பொலிகாபனேற். பொலிகாபனேற் இலேசில் உடையாது, ஆனால் கீறும். வெயிலில் மஞ்சளாகும். இருபது வருட வெயிலும் மணலும் பட்ட அந்த விளக்குகள் கண்ணில் புரை விழுந்த கிழவரைப்போல என்னைப் பார்த்தன.

"இந்த விளக்கோட நீ சுப்பீரியர் ஏரிக்கரையால போகேலாது," என்றேன். கார் வந்து இரண்டு நாளுக்குப் பிறகு நான் அதைப்பற்றிச் சொன்ன முதல் வசனம் அது.

"அப்ப சரிசெய்து தாங்கோ அப்பா," என்றாள்.

வேண்டாம் போகாதே என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருந்தாள் என நினைக்கிறேன். நானும் அதைத்தான் சொல்ல நினைத்திருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிறு, கராஜ் திறப்பை வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். முதலில் பழைய மேற்பூச்சை உரிக்கவேணும். 800 நம்பர் மண்கடதாசியைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். மஞ்சள் பால்போல வழிந்தது. விளக்கு முன்பைவிட மோசமாக, வெள்ளையாகப் புகார் மூடியதாகிவிட்டது. மகள் பயந்துபோனாள். "பழுதாக்கிப் போட்டீங்களோ?" என்றாள். எல்லோரும் இந்தக் கட்டத்தில்தான் பயப்படுவார்கள். பிறகு 1500, பிறகு 3000, பிறகு பொலிஷ். மெல்ல மெல்ல உள்ளே இருந்த குமிழ் தெரிந்தது. பலர் இதோடு விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் சில மாதத்தில் முன்பைவிட மோசமாக மஞ்சளாகும். வெயிலைத் தடுத்த மேற்பூச்சையும் நாங்களே உரித்துவிட்டோம் அல்லவா? அதன் இடத்தில் ஒன்று போடவேணும். என்னிடம் இருப்பது படலம்.

இரண்டு போத்தல்களில் இரண்டு தண்ணீர் வைத்திருப்பேன். ஒன்றில் சில துளி குழந்தை ஷாம்பு. படலம் வழுக்கி இடத்துக்கு வர அது. மற்றதில் அற்ககோல். ஓரம் பிடிக்கிற இடத்தில் அது. ஷாம்புப் போத்தலை அவளிடம் கொடுத்தேன்.

"இது பிள்ளைகளுக்குப் போடுறதெல்லோ?"

"ஓம். உன்னைத் தோயவார்த்ததும் இதாலதான்."

நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துக்கொண்டே போனேன். வளைவில் கொஞ்சம் சூடு காட்டி இழுக்கவேணும். கூடினால் படலம் மங்கும், குறைந்தால் மடிப்பு விழும். அவள் தண்ணீர் அடித்துக்கொண்டே கேட்டாள், இதை யார் கண்டுபிடித்தது என்று.

வியட்நாம் போர்க்காலத்தில் வந்த சாமான் என்றேன். ஹெலிகொப்டர்களின் சுழல் அலகுகளை மணலும் கல்லும் அரித்துவிடாமல் அமெரிக்கர்கள் ஒட்டினார்கள். பிறகு பந்தயக் கார்களுக்கு வந்து, பிறகு எல்லோருக்கும் வந்தது. அதைச் சொல்லும்போது அப்பாவின் கார் நினைவுக்கு வந்தது. இவ்வளவு வருடமும் இந்தத் தோலைக் கையில் எடுத்திருக்கிறேன், ஒருநாளும் அப்பாவை நினைத்ததில்லை.

அப்பா பருத்தித்துறையில் ஓர் ஒஸ்ரின் ஏ-40 வைத்து வாடகைக்கு ஓடினார். எண்பதுகளின் நடுப்பகுதியில் பெல் ஹெலிகள் எங்கள் தலைக்கு மேலும் சுற்றின. வியட்நாமில் பறந்தவற்றின் சொந்தக்காரர்கள்தான் அவை. அப்பா ஒருநாள் கறுப்பு மையும் தூரிகையும் எடுத்து, காரின் இரண்டு விளக்குகளிலும் மேற்பாதிக்குப் பூசினார். ஹெலிக்குத் தெரியக்கூடாது, தெருவில் கிடங்கு தெரியவேணும். பிள்ளைப்பேற்றுக்கு நடுச்சாமத்தில் வந்து கதவு தட்டுவார்கள். அந்த அரை வெளிச்சத்தோடு அவர் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போவார். அம்மா படலையில் நிற்பா. நான் அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்பா திரும்பும்வரை வீட்டில் ஒருவரும் படுப்பதில்லை.

மகள் இதை முன்பு கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. போத்தலைக் கீழே வைத்துவிட்டு, "அப்பப்பா பயப்படேல்லையா?" என்று கேட்டாள்.

"கேட்டதில்லை," என்றேன். அது உண்மை.

இரண்டு விளக்குக்கும் நாலு மணித்தியாலம் எடுத்தது. கடைக் கணக்கில் அது நட்டம். முடிந்ததும் கதவை இறக்கி, இருட்டில் விளக்கைப் போட்டுப் பார்த்தோம். சுவரில் வெளிச்சம் வெட்டுக்கோட்டோடு சுத்தமாக விழுந்தது. "இரவில ஓடாத," என்றேன். "மூஸ் நிற்கும். அது உயரமான மிருகம், கால் நீளம். உன்ர விளக்கு அதின்ர காலுக்குத்தான் எட்டும். கார் பதிவு. இடிச்சால் உடம்பு கண்ணாடிக்கு மேலதான் வரும்."

"ஓடமாட்டன் அப்பா. வாவாவில ரூம் போட்டிருக்கிறன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி விளக்கைத் தடவிப் பார்த்தா. "இனிக் கல்லுப் பட்டாலும் ஒண்டும் ஆகாதே?" என்று கேட்டா.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதினெட்டு வருடமாக ஒரே பதில்தான். சின்னக் கல்லுக்கும் மணலுக்கும் இது நிற்கும். பெரிய கல்லுக்கு நிற்காது. படலம் அடியை வாங்கிப் பரவச்செய்யும், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. காசு கட்ட முன்னரே எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுவேன். பொய் சொல்லி விற்றதில்லை.

"ஆகாது," என்றேன்.

மே மாதம் முதற் கிழமை விடியப்புறம் அவள் போனாள். வடக்கு வீதிகளில் பனிக்காலத்து மணல் இன்னும் ஓரங்களில் கிடக்கும் நேரம். கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது என்பதால் அங்கே மணலைத்தான் அள்ளித் தூவுவார்கள். பனி போய்விடும், மணல் அவ்வளவு கெதியில் போகாது. பக்கத்து இருக்கையில் அவளுடைய ரைஸ் குக்கரும், மனைவி கட்டிக் கொடுத்த மிளகாய்த்தூள் பையும் இருந்தன. சீற் பெல்ற் போட்டு வைத்திருந்தாள்.

இரவு பத்தரைக்குத் தொலைபேசி வந்தது.

"அப்பா, வாவாவுக்கு வந்திட்டன். வழியில ரோட்டு வேலை, சுணங்கிப்போச்சு. கடைசி ஒண்டரை மணித்தியாலம் இருட்டுத்தான். ஆனா விளக்கு நல்லாத் தெரிஞ்சது. அதாலதான் நிப்பாட்டாமல் வந்தன்."

ஏச வாய் வந்தது. ஏசவில்லை. மங்கலான விளக்கோடு போயிருந்தால் எங்காவது நிறுத்தியிருப்பாள். அந்த இருட்டில் ஓடத் துணிவு கொடுத்தது நான் ஒட்டிய தோல். மனைவி பக்கத்தில் நின்று, "என்ன சொல்லுறாள்?" என்றா. "சேர்ந்திட்டாளாம்," என்றேன். அப்போதுதான் கவனித்தேன், நாங்கள் இருவரும் வீட்டுக்குள் இருக்கவில்லை. வாசல் கதவைத் திறந்து படியில் நின்றிருந்தோம்.

ஆவணியில் ஒரு கிழமை லீவில் வந்தாள். காரைக் கழுவுகிற சாட்டில் நான் விளக்குகளைப் பார்த்தேன். வலது விளக்கில் ஏழு புள்ளிகள், இடதில் நாலு. எல்லாம் படலத்தோடு நின்றுவிட்டன, ஒன்றைத் தவிர. இடது ஓரத்தில் ஒரு கல் தோலையும் துளைத்து, விளக்கில் ஒரு நெல்லளவு குழி விட்டிருந்தது. அந்த அளவுக்கு அடிக்க எவ்வளவு பெரிய கல், எவ்வளவு வேகம் என்று எனக்கு ஓரளவு கணக்குத் தெரியும். மகள் அதைப்பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மனைவி கைப்பையோடு வெளியே வந்தா. கோயிலுக்குப் போக மகள் கூப்பிட்டிருந்தாள், பக்கத்து இருக்கையில். அவ கிட்ட வரமுன்னம் நான் துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தேன். துடைத்தால் போகிற சாமானில்லை அது.