சார் இப்போது சீட்டாடுகிறார்



போன வாரம் சேலத்திலிருந்து என் மைத்துனர் போன் செய்தார். "என்ன மாமா, பென்ஷன் வாங்கிக்கிட்டு சீட்டாட உட்கார்ந்துட்டீங்களாமே?" என்று கேட்டார். மலையில் நடப்பது கீழே போய்ச் சேர இருபது கொண்டை ஊசி வளைவு தாண்ட வேண்டும். ஆனாலும் செய்தி மட்டும் வேகமாக இறங்கிவிடுகிறது. உண்மைதான். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் சீட்டாட்டம். காசு கிடையாது, ரம்மி கிடையாது. அதை எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்க வேண்டியதில்லை என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு நிகழ்தகவுப் பாடம் நினைவிருக்கும். 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்தால் அது சிவப்பு ராஜாவாக இருக்க என்ன வாய்ப்பு என்று கணக்கு வரும். நாகலூரிலிருந்தும் வெள்ளக்கடையிலிருந்தும் வந்த பிள்ளைகள் பலர் சீட்டுக்கட்டையே பார்த்ததில்லை. அதனால் ஒரு கட்டு வாங்கி மேசை டிராயரில் வைத்திருந்தேன். "சார் டிராயர்ல சீட்டு இருக்கு" என்று அப்போதும் ஊருக்குள் பேச்சு வந்தது. ஆக, எனக்கு இது புதிதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே வேலை போய்விட்டது. மகனும் மருமகளும் இப்போது சேலத்தில் இருந்துகொண்டு வேலை தேடுகிறார்கள். பேரன் எங்களோடு ஏற்காட்டில் இருக்கிறான், எட்டாம் வகுப்பு. வந்த புதிதில் சாப்பிடுவான், பள்ளிக்குப் போவான், வருவான். பேச்சு கிடையாது. சிங்கப்பூரில் ஒரு சீனப் பையன் அவனுக்கு நெருங்கிய சிநேகிதன். அவன் வாரம் ஒருமுறை போன் செய்வான், இவன் எடுக்க மாட்டான். ஏன்டா கண்ணு என்று கேட்டதற்கு, "அவன் ஆடலாமான்னு கேப்பான் தாத்தா. எங்கிட்ட டெக் இல்ல" என்றான்.

டெக் என்றால் சீட்டுக்கட்டு. அவர்கள் ஆடுவது 'மேஜிக்: தி கேதரிங்' என்கிற விளையாட்டு. இதை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். சேர்மானக் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். விளையாட்டு வெளிவந்தது 1993இல். வாத்தியார் செய்தது என்று தெரிந்ததுமே எனக்குப் பாதி மரியாதை வந்துவிட்டது.

இதில் எல்லோருக்கும் பொதுவான கட்டு கிடையாது. ஆயிரக்கணக்கான வகைச் சீட்டுகளிலிருந்து ஆளுக்கு ஆள் தாமே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். குறைந்தது 60 சீட்டு. அடிப்படை நிலச்சீட்டு தவிர பொதுவாக எதையும் நான்குக்கு மேல் வைக்கக்கூடாது. சீட்டுகள் சின்ன பாக்கெட்டில் வரும், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். அரிய சீட்டு ஒன்றோ இரண்டோ, மிச்சமெல்லாம் சாதாரணம். சில அரிய சீட்டுகளின் விலை கேட்டால் காப்பித் தோட்டக்காரருக்கே தலை சுற்றும்.

பேரனிடம் நல்ல சீட்டுகள் இருந்திருக்கின்றன. கிளம்பும் முன்பு விலை போகக்கூடிய எல்லாவற்றையும் அவனே கடையில் விற்று, பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டான். யாரும் கேட்கவில்லை. மருமகள் இன்னும் அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கிறாள். மிஞ்சியது ஒரு ஷூ பெட்டி நிறைய, கடைக்காரர் வேண்டாம் என்று தள்ளிய சாதாரணச் சீட்டுகள். அதை இங்கே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தான்.

அந்தப் பெட்டியை ஒரு மழை நாளில் கூடத்தில் கவிழ்த்தோம். நிறவாரியாகப் பிரிக்கச் சொன்னேன். மொத்தம் ஐந்து நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலம். வெள்ளைக்குச் சமவெளி, நீலத்துக்குத் தீவு, கருப்புக்குச் சதுப்பு நிலம், சிவப்புக்கு மலை, பச்சைக்குக் காடு. கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் எனக்கும் தோன்றியது. மலை குறிஞ்சி, காடு முல்லை, சமவெளி மருதம், தீவை நெய்தலாக வைத்துக்கொள்ளலாம். சதுப்பு நிலத்தைப் பாலையில் சேர்க்கத்தான் முடியவில்லை. தமிழாசிரியர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பச்சைக் குவியல்தான் பெரிதாக இருந்தது. "அப்போ பச்சை மட்டும் வெச்சே ஒண்ணு கட்டிடலாம்" என்றேன். ஏரியும் காடும் சேர்ந்து பெயரான ஊரில் இருந்துகொண்டு காட்டை விட்டு வேறு எதை எடுப்பது? அவன் முகம் சுளித்தான். ஒரே நிறத்தில் கட்டுவது பழகுகிறவர்கள் வேலை, பெரிய ஆட்டக்காரர்கள் இரண்டு மூன்று நிறம் கலப்பார்கள் என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு, கலந்தால் அதை மூடிக்கொள்ளலாம். பச்சையால் எதிராளியின் ஆளை நேராக அழிப்பது கடினம், பறக்கிறவர்களும் குறைவு. ஆனால் கலப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ஆட்டம் தொடங்கும்போது கையில் 7 சீட்டு வரும். நிலம் இருந்தால்தான் சக்தி கிடைக்கும், சக்தி இருந்தால்தான் ஆளை இறக்க முடியும். 60 சீட்டில் 20 காடு என்று வையுங்கள். ஏழிலும் காடே வராமல் போக வாய்ப்பு 40/60 பெருக்கல் 39/59 பெருக்கல் 38/58, இப்படி ஏழு பின்னங்கள். விடை நூற்றுக்கு ஏறத்தாழ 5. அதே 20 நிலத்தை 10 காடு, 10 மலை என்று பிரித்தால் 50/60இல் தொடங்க வேண்டும். காடு வராமல் போக வாய்ப்பு நூற்றுக்கு 26 ஆகிவிடுகிறது. நான்கு ஆட்டத்தில் ஒன்றில் கையில் பச்சைச் சீட்டை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பணம் உள்ளவர்கள் இரண்டு நிறமும் தரும் அரிய நிலச்சீட்டுகளை வாங்கி இதைச் சரிக்கட்டுவார்கள். ஷூ பெட்டியில் அது ஏது?

பேரன் பேனாவை வாங்கித் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தான். பிறகு பச்சைக் குவியலை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அடுத்து அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். 'லானோவர் எல்வ்ஸ்' என்று ஒரு சீட்டு. எல்ஃப் என்றால் காது நீண்ட காட்டுவாசி. ஒரே சக்தியில் இறங்கி, அடுத்த முறையிலிருந்து தானே ஒரு பச்சைச் சக்தி தருவான். அதாவது இரண்டாவது முறையில் எதிராளிக்கு இரண்டு சக்தி, நமக்கு மூன்று. ரொம்பச் சாதாரணமான சீட்டு. நான்குதானே வைக்கலாம்? முதல் கையில் அதில் ஒன்றாவது வர வாய்ப்பு நூற்றுக்கு 40தான். இதில் ஒரு தமாஷ் இருக்கிறது. 'எல்விஷ் மிஸ்டிக்', 'ஃபின்ட்ஹார்ன் எல்வ்ஸ்' என்று அச்சு அசலாக அதே வேலை செய்யும் சீட்டுகள் வேறு பெயரில் இருக்கின்றன. விதி பெயரைத்தான் பார்க்கும். மூன்று பெயரிலும் நான்கு நான்காகப் பன்னிரண்டு வைத்தால் வாய்ப்பு 81 ஆகிவிடும். ரேஷன் கார்டில் இந்த வித்தையைக் காட்டினால் தாசில்தார் விடமாட்டார், இங்கே விதிக்கு உட்பட்டதுதான்.

மீதியையும் எல்ஃப்களாகவே தேடினோம். 'பிரீஸ்ட் ஆஃப் டைட்டானியா' களத்தில் எத்தனை எல்ஃப் இருக்கிறதோ அத்தனை சக்தி தரும். 'லிஸ் அலானா ஹன்ட்மாஸ்டர்' இருந்தால், ஒவ்வொரு எல்ஃப் சீட்டை ஆடும்போதும் கூடவே ஒரு சின்ன எல்ஃப் வீரன் வருவான். 'டிம்பர்வாட்ச் எல்ஃப்' ஒருவனுக்கு, எத்தனை எல்ஃப் உண்டோ அத்தனை பலம் அந்த ஒரு முறைக்கு ஏற்றிவிடும். தனியாக ஒவ்வொன்றும் நோஞ்சான்தான். எல்லாமே சாதாரண வகையில் கிடைப்பவை.

பெட்டியில் எல்லாம் நான்கு நான்காக இல்லை. இல்லாதவற்றைப் பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி எழுதி, உறைக்குள் ஒரு உதவாத சீட்டின் மேல் செருகினோம். போட்டிகளில் இது செல்லாது. வீட்டில், எதிராளி சம்மதித்தால் ஆடலாம். நான் எழுதத்தானே போகிறோம் என்று விலை உயர்ந்த ஒரு சீட்டையும் எழுதப் போனேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "சாதாரணச் சீட்டு மட்டும் எழுதலாம் தாத்தா. அதை நான் எப்படியும் வாங்கிடுவேன். இதை வாங்க முடியாது, எழுதினா பொய்" என்றான். எட்டாம் வகுப்புப் பையன்! உள்ளே போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் தாளிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

20 காடு, 12 சக்தி எல்ஃப், மற்றவை சேர்த்து 56 வந்தது. கடைசி நான்கில்தான் எங்களுக்குள் சண்டை. 'வெல்விஷர்' என்று ஒரு எல்ஃப் உண்டு. ஒவ்வொரு முறையும் எல்ஃப்களின் எண்ணிக்கை அளவுக்கு நமக்கு உயிர்ப்புள்ளி ஏறும். இருவருக்கும் தொடக்கத்தில் 20 புள்ளி. எட்டு எல்ஃப் நின்றால் முறைக்கு முறை எட்டு ஏறிக்கொண்டே போகும். எதிராளி எவ்வளவு அடித்தாலும் தீராது. கணக்குப்படி அதைத்தான் வைக்க வேண்டும் என்றேன். இப்போதும் கணக்கு அதுதான். அவன் மாட்டேன் என்றான். அவன் வைத்தது 'கலோசல் டிரெட்மா' என்கிற டைனோசர். ஆறு சக்தி கொடுத்தால் ஆறுக்கு ஆறு பலம். எல்லோர் வீட்டுப் பெட்டியிலும் கிடக்கும், ஆடுகிறவர்கள் கேலி செய்யும் சீட்டு. எஸ்டேட்டுக்குள் இரவில் வந்து நிற்குமே காட்டெருமை, அந்தப் பெயரைத்தான் இவன் அதற்கு வைத்திருக்கிறான்.

"வெல்விஷர் வெச்சா ஜெயிப்போம் தாத்தா. ஆனா ஆட்டம் முடியவே முடியாது. அவனுக்கு போர் அடிக்கும். அடுத்த வாரம் கூப்பிட மாட்டான்."

நான் மேலே எதுவும் பேசவில்லை. காட்டெருமை நான்கும் உள்ளே போயின.

அன்று மாலை அவனே சிநேகிதனுக்குப் போன் செய்தான். கையால் எழுதிய சீட்டு பரவாயில்லையா என்றுதான் முதல் கேள்வி. எழுத்து புரிந்தால் போதும் என்று பதில் வந்தது. நமக்குச் சனிக்கிழமை மாலை 4 மணி என்றால் அவர்களுக்கு ஆறரை. போனை ஸ்டூலில் கவிழ்த்து நிறுத்தி, கேமரா மேசையைப் பார்க்கும்படி வைக்கிறோம். வெள்ளைத் துண்டு விரிப்பு. எல்ஃப் வீரர்களுக்குத் தனிச் சீட்டு இல்லாததால் காப்பிக்கொட்டை. இது என் யோசனை. காப்பிக்கொட்டைக்கு ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் தட்டையாகக் கோடு போட்டிருக்கும் இல்லையா? உருண்டை மேலே இருந்தால் வீரன் தயார். அடித்து முடித்தவனைக் கோடு தெரியத் திருப்பி வைத்துவிடலாம். மழை வந்து சிக்னல் போனால் யாரும் எதையும் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். ஒருநாள் முக்கால் மணி நேரம் அப்படியே காத்திருந்தோம்.

முதல் சனிக்கிழமை மூன்று ஆட்டமும் தோல்வி. அந்தப் பையனிடம் 'பைரோகிளாசம்' என்று ஒரு சிவப்புச் சீட்டு. களத்தில் உள்ள எல்லோருக்கும் இரண்டு அடி விழும். எங்கள் எல்ஃப்களில் முக்கால்வாசிப் பேர் ஒற்றை உயிர். இரண்டு சக்தியில் மொத்தக் காட்டையும் எரித்துவிட்டான். அதன் பிறகு கையில் இருப்பதை எல்லாம் ஒரேயடியாக இறக்காமல் இரண்டு மூன்றை நிறுத்திவைக்கப் பழகினோம். எரித்த பிறகும் காட்டெருமை மட்டும் நின்றதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வாரம் ஒரு ஆட்டம். அவனுக்குப் பத்துப் புள்ளி மிச்சம், தடுக்க நான்கு ஆள். எங்களிடம் ஒன்பது எல்ஃப், அதில் ஐந்து காப்பிக்கொட்டை. பேரன் ஐந்தையும் முன்னே தள்ளினான். அவன் நான்கைத் தடுத்தான். ஒரு கொட்டை தப்பியது. ஒரு அடிதானே என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது. தடுத்து முடித்த பிறகுதான் பேரன் டிம்பர்வாட்ச் எல்ஃபைத் திருப்பினான். ஒன்பது எல்ஃப், ஒன்பது பலம். அந்தக் காப்பிக்கொட்டையின் அடி பத்து. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஆங்கிலத்தில் ஏதோ கத்தினான், இவன் சிரித்தான். ஏற்காட்டுக்கு வந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் கேட்டது அன்றுதான். என் மனைவி ஓடி வந்து யார் விழுந்தது என்று கேட்டாள்.

இதுவரை 14 ஆட்டத்தில் 4 வெற்றி. ஆனால் போன் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. இங்கே பள்ளியிலும் இரண்டு பையன்கள் பார்க்க வந்தார்கள். அவர்களுக்காக இப்போது மலைச்சீட்டை மட்டும் வைத்துச் சிவப்பில் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுக்கிய சாதாரணச் சீட்டுகள் வீட்டில் கிடந்தால், ஊருக்கு வரும்போது கொண்டுவாருங்கள். பச்சையும் சிவப்பும் போதும். தயவுசெய்து புதிதாக வாங்கி அனுப்ப வேண்டாம், அவன் வாங்கிக்கொள்ள மாட்டான். 'பிரீஸ்ட் ஆஃப் டைட்டானியா' இரண்டு இன்னும் பத்திரிகை அட்டையில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அட்டையின் பின்பக்கம் மைத்துனர் மகளின் கல்யாண முகூர்த்த நேரம் இருக்கிறது. மாமாவின் சீட்டாட்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று யாராவது சேலத்துக்குச் சொல்லிவிடுங்கள்.