ராத்திரி அங்கே யார் இருக்கிறார்கள்?

தில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும்படி ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தியது. கூட்டுக்குள் நாய் எப்படி இருக்கும் என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. கால்நடை மருத்துவரான நண்பர், ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு நாய் விடுதிக்கு அழைத்துப்போனார்.

தடுப்பூசிச் சீட்டு, பதிவேடு எல்லாம் எங்கும் உள்ளதுதான். என்னைப் பிடித்து நிறுத்தியவர் அங்கே வேலை பார்க்கும் அக்கா. பல வருடம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், அண்டி தல்லியவர்; தோட்டெண்ணெய் பட்ட விரல்கள் இன்னும் கறுத்திருக்கின்றன. ஆபீசை மூடியபின் கூட்டித் துடைக்க இங்கே வந்தார். இன்று வருகிற நாயெல்லாம் அவர் பொறுப்பு.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் கிடந்து, வளர்ந்தபின் ஒரு வீட்டுக்குப் போன செவலை நாய் அன்று வந்திருந்தது. வீட்டுக்காரர்கள் மகள் பிரசவத்துக்குத் துபாய் போய்விட்டார்கள். நாய் மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. மூச்சிரைத்தது, உதட்டை நக்கியது, சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அக்கா உள்ளே போய் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கை நீட்டவில்லை, கூப்பிடவில்லை. வீட்டுக்காரரின் துவைக்காத சாரத்தை, அதாவது லுங்கியை, பக்கத்தில் போட்டார். நெடுநேரம் கழித்து நாய் அதை முகர்ந்து, அதன்மேல் படுத்தது.

"குட்டியில இருந்து ஒரே வீட்டுல வளந்தது ரெண்டு நாள் அழும், பொறவு தின்னும். இது அப்படியில்ல, கேட்டியளா. ஒருக்கா விட்டுட்டுப் போன வெப்ராளம் உள்ள கெடக்கு. இப்பமும் விட்டுட்டாவண்ணுதான் நெனைக்கும்."

அமெரிக்காவின் ஒஹையோவில் மைக்கேல் ஹென்னஸி குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வும் புது இடத்தில் நாய் படும் பாட்டைக் காட்டுகிறது: காப்பகத்துக்கு வந்த நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பு முதல் மூன்று நாட்கள் மிகுந்திருந்தது. நாய் வந்த முதல் மூன்று ராத்திரியும் அக்கா கூடுகளுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறார். குரைக்கிற நாயைவிட, சத்தமே போடாத நாயைத்தான் கூடுதலாகக் கவனிக்கிறார். அடங்கிக் கிடப்பது அமைதி ஆகாது.

இந்தக் கைப்பக்குவத்துக்கு என்ன கூலி? நாளொன்றுக்கு வாங்கும் கட்டணத்தில், ஆள் பிடித்துத் தரும் தரகருக்கு முதலில் பங்கு போகிறது. வாசலைத் தாண்டி வராத அவருக்குக் கிடைப்பது, ராத்திரி முழுக்க விழித்திருக்கும் அக்காவுக்குக் கிடைப்பதில்லை. அண்டி ஆபீசிலும் இதே கணக்குதான் அவரை ஏய்த்தது. உழைப்பவர் கையில் காசு நிற்காத தொழிலில் அக்கறையும் நெடுநாள் நிற்காது.

தத்தெடுத்த நாயை முதல் மாதங்களில் விடுதியில் விடாதீர்கள். விட்டே ஆகவேண்டுமென்றால், முன்கூட்டி ஒரு ராத்திரி மட்டும் விட்டுக் கூட்டி வாருங்கள். திரும்பி வருவீர்கள் என்று அதற்குத் தெரியட்டும். அதன் பழைய கதையை மறைக்காமல் சொல்லுங்கள். வாடகை எவ்வளவு என்று கேட்குமுன், ராத்திரி அங்கே யார் படுக்கிறார்கள், அவருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள்.