பழைய செஸ்னா ஒன்றை வாங்கப் போனபோது

2024 வசந்தகாலத்தில் ஒரு படத்தைப் பார்த்து நான் மயங்கிப்போனேன். 1974இல் செய்யப்பட்ட செஸ்னா 172. வெள்ளை உடல், அதில் கருநீலக் கோடு, உள்ளே புதுத் தோல் இருக்கைகள். ஐம்பது வயது விமானம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விளம்பரத்தில் இரண்டு விஷயங்கள் மனதில் ஒட்டிக்கொண்டன. பெயின்ற் புதிது. எஞ்சினை முழுதாகப் பிரித்துத் திருத்தியபின் 310 மணித்தியாலம்தான் ஓடியிருக்கிறது.

உடனே மச்சான்மாரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் படத்தை அனுப்பிவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் பிழை. பத்துப் பேர் "செமடா" என்று எழுதியபிறகு, வாங்கவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஏன் பழைய விமானம் என்று கேட்பீர்கள். செஸ்னா 172 சந்தைக்கு வந்தது 1956இல். இதுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் இவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்படவில்லை. 1986இல் உற்பத்தியை நிறுத்தி, பத்து வருடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். புதியது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை. எட்டுகிற விலையில் கிடைப்பவை பெரும்பாலும் எங்களைவிட வயதில் மூத்தவை. என்னோடு பறக்கப் பழகிய நண்பனும் நானும் பாதிப்பாதி போட்டு வாங்குவதாகத் திட்டம். என் பங்கு ஏழு வருடச் சேமிப்பு.

முற்பணம் அனுப்பப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"படத்தைப் பாத்தே காசு குடுக்கப்போறாய் தம்பி?"

அப்பா ஸ்காபரோவில் எங்கள் சொந்தக்காரர் பாதிப்பேருக்குப் பழைய கார் பார்த்து வாங்கிக் கொடுத்தவர். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவார்கள். அது காரின் அடியைத் தின்றுவிடும். துரு தின்ற இடத்தில் பசையை அப்பி, மேலே பெயின்ற் அடித்து விற்பார்கள். அப்பாவின் பொக்கற்றில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பசைதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"நீங்களும் வாறீங்களா அப்பா?" என்று கேட்டேன். வருவார் என்று நினைக்கவில்லை. சின்ன விமானம் என்றாலே அவருக்குப் பிடிக்காது. ஆனால் வந்தார், காந்தத்தோடு.

நேரில் பார்த்தபோது விமானம் படத்தைவிட அழகாக இருந்தது. அப்பா காந்தத்தை எடுத்து இறக்கையில் வைத்தார். அது நழுவி விழுந்தது. இன்னோர் இடத்தில் வைத்தார். அங்கும் விழுந்தது. "முழுக்கப் பசையோ?" என்று திகைத்துப்போனார். "இல்லை அப்பா, இது அலுமினியம்" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் அவருடைய இன்னொரு பழக்கம் அங்கே வேலை செய்தது. காரை நேரே நின்று பார்க்கமாட்டார். மூலையில் குனிந்து, உடலின் நீளத்துக்கு வெளிச்சம் சரிந்து விழும்படி பார்ப்பார். அப்படிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், பெயின்றுக்கு அடியில், மெல்லிய புழு ஊர்ந்த தடம்போல வளைந்த கோடுகள் தெரிந்தன. பெயின்ற் அடித்தவரின் கைப்பிழை என்று நான் நினைத்தேன்.

அதிர்ஷ்டவசமாக, காசு கொடுக்குமுன் ஒரு பரிசோதனை செய்வதாக நண்பன் ஏற்பாடு செய்திருந்தான். வந்தவர் உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர், அறுபது வயதுப் பெண்மணி. நானும் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன்தான். ஆனால் அவர் பார்த்த எதையும் என் கண்கள் பார்க்கவில்லை.

முதலில் அவர் விமானத்தின் பக்கமே போகவில்லை. ஒரு மேசையில் உட்கார்ந்து இரண்டு மணித்தியாலம் பதிவேடுகளை வாசித்தார். விமானத்தின் உடலுக்கும் எஞ்சினுக்கும் தனித்தனிப் பதிவேடு உண்டு. எப்போது, யார், எதைத் திருத்தினார்கள் என்பதெல்லாம் கையெழுத்தோடு அதில் இருக்கவேண்டும்.

எஞ்சினைத் திருத்தியது 2004இல் என்று அதில் இருந்தது. இருபது வருடத்தில் 310 மணித்தியாலம், அதாவது வருடத்துக்குப் பதினைந்து. எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. அவர் தலையை ஆட்டினார். இந்த லைகமிங் எஞ்சினை 2,000 மணித்தியாலத்தில் அல்லது 12 வருடத்தில், எது முதலில் வருகிறதோ அப்போது, பிரித்துத் திருத்தும்படி அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். காரணமும் இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு இதில் மேலே இருக்கிறது. ஓடாமல் நின்றால் எண்ணெய் கீழே வடிந்துவிடும். காய்ந்த தண்டில் துரு பிடிக்கும். அடுத்தமுறை ஓடும்போது அந்தத் துருப்பிடித்த இடம் உரசித் தேயும். குறைய ஓடிய எஞ்சின் சிலநேரம் நிறைய ஓடியதைவிட மோசம்.

இன்னொன்றையும் காட்டினார். பெயின்றுக்கும் எடை உண்டு. வாலில் இருக்கும் உயர்த்தி போன்ற அசையும் பகுதிகளுக்குப் புதுப் பெயின்ற் அடித்தால், அவற்றின் சமநிலையைத் திரும்பச் சரிபார்க்கவேண்டும். இல்லாவிட்டால் வேகமாகப் பறக்கும்போது அந்தப் பகுதி படபடவென்று அடித்து, பிய்ந்துபோகவும் கூடும். பதிவேட்டில் பெயின்ற் அடித்த குறிப்பு இருந்தது. சமநிலை பார்த்த குறிப்பு இல்லை.

அதன்பிறகுதான் விமானத்தைத் தொட்டார். அப்பா கண்ட புழுத்தடம் கைப்பிழை அல்ல, அரிப்பு. அலுமினியத்தைச் சரியாகத் துப்புரவாக்காமல் மேலே பெயின்ற் அடித்தால், அதன் அடியில் ஈரம் தங்கி உலோகத்தை அரிக்கும். தகட்டின் ஓரத்தில் வெள்ளைத் தூள் கசிந்திருந்தது. சிலிண்டர்களின் அழுத்தம் நன்றாக இருந்தது, 80க்கு 76. எனக்கு நம்பிக்கை திரும்பியது. பிறகு எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, வெட்டி, மடிப்புகளை விரித்தார். மினுங்கும் துகள்கள்.

அவர் காந்தம் தேடியபோது அப்பா தன்னுடையதை நீட்டினார். துகள்கள் தாவி ஒட்டிக்கொண்டன. உருக்கு. எஞ்சினுக்குள் ஏதோ தேய்ந்துகொண்டிருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. காந்தத்தைத் துணியில் துடைத்துப் பொக்கற்றுக்குள் போட்டார்.

என் வேலை ஐ.ரி. ஆலோசனை. பழைய மென்பொருளுக்குப் புது முகப்புப் போட்டு, "நவீனப்படுத்திவிட்டோம்" என்று சொல்லும் நிறுவனங்களைப் பார்த்து வாரம் ஒருமுறையாவது சிரிப்பவன். அன்று என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து இன்னொரு 172ஐப் பார்த்தோம். 1975ஆம் ஆண்டு. வெயிலில் வெளிறிய மஞ்சள் கோடு, வெடித்த பிளாஸ்ரிக், மங்கிய கண்ணாடி. படம் எடுத்து அனுப்ப மனம் வரவில்லை. இந்த முறை பதிவேட்டில் தொடங்கினேன். எஞ்சின் 1,100 மணித்தியாலம் ஓடியிருந்தது. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு மாதமும் பறந்திருக்கிறது. ஐம்பது மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றி, வடிகட்டியை வெட்டிப் பார்த்து எழுதியிருந்தார்கள்.

பிறகு அடியில் தவழ்ந்து பார்த்தேன். ஆணிகளைச் சுற்றிக் கறுப்புப் புகைக்கோடு இல்லை. இருந்தால் ஆணி தளர்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். இறக்கைக்கு அடியில் நீலக்கறை இல்லை. விமானப் பெற்றோலுக்கு நீலச் சாயம் கலப்பதால், கசிந்தால் காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டில் சுருக்கம் இல்லை. மூக்குச் சக்கரத்தை நிலத்தில் மோத இறக்கியிருந்தால் அங்கேதான் தெரியும். குறை இல்லாமலும் இல்லை. விமானி இருக்கையின் தண்டவாளத் துளைகள் தேய்ந்திருந்தன. இது சின்ன விஷயம் அல்ல. மேலேறும்போது இருக்கை பின்னால் வழுக்கி, செஸ்னாக்கள் விழுந்திருக்கின்றன. மாற்றித் தந்தால்தான் வாங்குவோம் என்றோம். மாற்றித் தந்தார்கள். அதே பெண்மணி பரிசோதித்துச் சரி என்றபிறகு வாங்கினோம்.

எஞ்சினை இயக்கிப் பார்த்த அன்று அப்பா நாலைந்து அடி பின்னால் போய், ஹாங்கர் சுவரோடு நின்றார். நான் நிறுத்திவிட்டு ஓடினேன்.

"ஒண்டுமில்லை. சத்தம் அதே சத்தம்" என்றார்.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் குண்டு போட்ட சியாமாசெட்டியைப் பற்றி அப்பா எனக்குச் சொன்னது அன்றுதான். இத்தாலியில் செய்த சின்ன விமானம், முன்னால் ஒரே ஒரு உந்தி. அந்தச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடவேண்டும். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அதற்கும் எஞ்சின் லைகமிங்தான். முப்பது வருடத்துக்கு மேலாக அப்பா ஏன் சின்ன விமானத்தை வெறுத்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பதிவேட்டை நான் திறந்தே பார்த்திருக்கவில்லை.

புதுப் பெயின்ற் எல்லாம் பொய் என்று சொல்லவரவில்லை. ஒழுங்காக அடித்த பெயின்ற் உலோகத்தைக் காப்பாற்றும். வெளிறியதெல்லாம் நல்லது என்றும் இல்லை. பார்க்க எப்படி இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் விமானம் வாங்காமல் போகலாம். முதல் காராவது வாங்குவீர்கள். உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒருவருக்குக் காசு கொடுத்துக் காட்டுங்கள். அவர் "வேண்டாம்" என்று சொன்னால் கேளுங்கள், மச்சான்மாருக்கு ஏற்கெனவே படம் அனுப்பியிருந்தாலும்.

அப்பா இன்னும் என்னோடு பறக்கவில்லை. போன மாதம் வலப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் நிறுத்தியிருந்தது, கதவு திறந்திருந்தது. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி, பூட்டு விழுகிறதா என்று மூன்று முறை பார்த்தார்.

"பிடிக்குது" என்றார். பிறகு மஞ்சள் கோட்டைப் பார்த்து, "இதுக்கு எப்ப பெயின்ற் அடிக்கப்போறாய்?" என்று கேட்டார்.