பூவுக்கு உரிய இடம்

காலையில் விரிந்து, பெரும்பாலும் அன்று மாலைக்குள் சுருங்கிவிடும் பூ செம்பருத்தி. நம் வீட்டு வேலிகளில் கேட்பாரற்றுப் பூத்து உதிர்வது. அதன் பூவை எண்ணெயில் இட்டுக் காய்ச்சுவதும், இலையை அரைத்துத் தலைக்குத் தேய்ப்பதும் நம் அன்னையர் அறிந்தவை. உலர்ந்த பூவைத் தேநீராக்கி அருந்தும் வழக்கமும் இப்போது பரவி வருகிறது.

ஐந்து இதழ்கள் கொண்ட சிவப்புப் பூவே இதற்கு ஏற்றது. அடியிலுள்ள பச்சைக் கிண்ணத்தையும் நடுவிலுள்ள மகரந்தக் காம்பையும் நீக்கி, இதழ்களைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். கடும் வெயில் நிறத்தைக் கெடுத்துவிடும். போடிமெட்டு மக்களுக்கு இதைக் கற்பிக்கத் தேவையில்லை. சூடு மிகுந்தால் ஏலக்காயின் பச்சை போய்விடும் என்பதை நன்கு அறிந்தவர்கள் அவர்கள். கொதித்த நீரில் இதழ்களை இட்டுச் சில நிமிடம் மூடிவைத்தால் நீர் கருஊதா நிறம் கொள்ளும். அதில் எலுமிச்சைச் சாறு சில துளி விழுந்ததும் பளிச்செனச் சிவக்கும். இதழிலுள்ள ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள் புளிப்பைச் சந்தித்ததன் விளைவு அது.

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், மூடுபனிக்குள் இத்தகைய சூடான பானம் அமுதமாகவே தோன்றும். அங்கே இதை எனக்கு அளித்த தாய், ஏலத்தோட்டத்தில் கூலிவேலை செய்பவர். "சாமி, இதைக் குடிக்க ஆரம்பித்ததும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்றார் மகிழ்ச்சியோடு. அந்த மகிழ்ச்சி என்னைக் கலங்கச் செய்தது.

அவர் கேள்வியுற்றது முற்றிலும் பொய்யன்று. அமெரிக்காவில் 65 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாளுக்கு மூன்று குவளை வீதம் ஆறு வாரம் அருந்தியவர்களின் மேல் இரத்த அழுத்தம் சராசரியாக ஏழு புள்ளி அளவுக்குக் குறைந்தது. ஆனால் அவர்கள் மாத்திரை உண்ணாதவர்கள். சற்றே உயர்ந்த அழுத்தம் உடையவர்கள். மேலும், அவர்கள் அருந்தியது நம் செம்பருத்தியை அன்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த, கேரளத்தார் மத்திப்புளி என்று மீன்குழம்பில் இடும் செடியின் புளிப்பான புல்லிவட்டம் அது. எகிப்திலும் சூடானிலும் கர்கதே என்று விருந்தினருக்கு வழங்குவதும் அதுவே. பெயர் ஒன்றானதால் ஒரு செடியின் பயன் மற்றொரு செடியின் கணக்கில் ஏறிவிட்டது.

சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம், மண்ணில் விளையும் மருந்தை இறைவனின் கொடையென மதிக்கச் சொல்கிறது. மருத்துவரை மதிக்கவும் அதே அதிகாரமே சொல்கிறது. ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ள அது இடம் தரவில்லை.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தபோது அத்தாய் அமைதியாகக் கேட்டார். பிறகு, "மாத்திரை வாங்கக் கீழே இறங்கினால் ஒருநாள் கூலி போய்விடுகிறது சாமி, பூ வாசலிலேயே இருக்கிறது" என்றார். அச்சொல்லில் அறியாமை இல்லை. ஒரு கூலித் தொழிலாளியின் கணக்கு இருந்தது. பூ அருகில் இருந்தது. மருந்து தொலைவில் இருந்தது. இத்தொலைவைக் குறைக்கவே தமிழக அரசு 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. அருகில் வாழும் நமக்கும் அதில் பங்கு உண்டு. போடிக்கு இறங்கும் ஒருவர் அயலாருக்கும் சேர்த்து மாத்திரை வாங்கி வரலாம். முதியவரை அழுத்தம் பார்க்க அழைத்துச் செல்லலாம். அத்தாய் மீண்டும் மாத்திரை உண்கிறார். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, தேநீரும் அருந்துகிறார்.

ஏலத்தோட்ட ஓரங்களில் பூக்கும் செம்பருத்தியைப் பறிக்க வேண்டாம். ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து அதன்மேலும் படிந்திருக்கும். கருவுற்ற பெண்கள் இத்தேநீரைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் வீட்டு வாசலில் பூத்ததை உலர்த்தி, ஓர் ஏலக்காயும் தட்டிப் போட்டு, களைப்பு நீங்க அருந்துங்கள். அப்படி அருந்தும் வேளையில், மாத்திரை தீர்ந்துபோன அண்டை வீட்டார் எவரேனும் இருக்கிறாரா என்றும் கேட்டறியுங்கள்.