பத்துக்குப் பத்து அறையில் அக்காவும் தம்பியும்!

மேடவாக்கம் கூட்ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் அண்ணாந்து பார்க்க நிறைய இருக்கிறது. மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை போகவிருக்கும் மெட்ரோவின் தூண்கள் ஒரு பக்கம். 2022-ல் திறக்கப்பட்ட, சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் இன்னொரு பக்கம். ஆனால், இந்த ஊரைப் புரிந்துகொள்ள கீழே பார்க்க வேண்டும். பிளைவுட் கடை, பெயின்ட் கடை, மெத்தைக் கடை, மறுபடியும் ஒரு பிளைவுட் கடை. ஓரமாக நிற்கும் குட்டியானையில் கட்டில் சட்டம், கிரைண்டர், கட்டிவைத்த துளசித் தொட்டி. வருஷத்தில் எந்த மாதம் வந்தாலும் மேடவாக்கத்தில் யாரோ ஒருவர் வீடு மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்படி மாற்றி வந்த குடும்பங்களில் ஒன்று, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் இருக்கிறது. அப்பாவுக்கு சோழிங்கநல்லூரில் வேலை. அக்கா இந்த வருஷம் ஆறாம் வகுப்பு. தம்பிக்கு ஐந்து வயது. இரண்டு பெட்ரூம்களில் சின்னது பிள்ளைகளுக்கு. பத்தடிக்குப் பத்தடி. இரண்டரை வருஷமாக அந்த அறையில் கட்டிலே இல்லை. தரையில் ஒரு பெரிய மெத்தை, அதில் இரண்டு பேரும்.

கட்டில் இல்லாததற்குக் காரணம் 2023 டிசம்பர். அப்போது இதே ஏரியாவில் தரைத்தள வீடு. மிக்ஜாம் புயல் மழையில் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. மேடவாக்கம் என்ற பெயரிலேயே மேடு இருக்கிறது. டிசம்பரில் அதை நம்பத்தான் முடிவதில்லை. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேர வேண்டிய இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டதால், தண்ணீர் வழி தெரியாமல் தெருவில் நின்றுவிடுகிறது. அந்த வீட்டில் பிள்ளைகளின் கட்டில் பார்ட்டிகிள் போர்டில் செய்தது. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை அது. நாலு நாள் தண்ணீரில் நின்றதும் ரொட்டி மாதிரி உப்பி, தொட்டால் உதிர்ந்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருந்த அக்காவின் டிராயிங் நோட்டுகளும் போய்விட்டன. மூன்றாம் வகுப்பு வரை வரைந்த எல்லாமே.

மாடி வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவுக்குக் கட்டில் வாங்க மனசு வரவில்லை. இந்த ஜூனில் அக்காதான் பேச்சை எடுத்தாள். ‘‘எனக்குன்னு ஒரு இடம் வேணும்மா. அவன் என் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து மண் அள்றான்.’’ ஜாமெட்ரி பாக்ஸ் வெறும் சாக்கு என்பது அம்மாவுக்குப் புரிந்தது. பதினொரு வயது. டிரெஸ் மாற்ற பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். இன்னும் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ, அவளுக்குத் தனியாக ஒரு மூலை நிச்சயம் தேவைப்படும். மூன்று பெட்ரூம் வீட்டுக்கு மாறலாம் என்றால், கையில் அதற்கான வாடகை இல்லை. இருக்கும் நூறு சதுர அடிக்குள்தான் எதையாவது செய்ய வேண்டும்.

நூறு சதுர அடி குறைச்சல்தானா? வீட்டில் ஒரே ஓர் அறை என்றால் அது 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டு அறைகள் என்றால் இரண்டாவது 7.5 சதுர மீட்டர் இருந்தால் போதும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பத்துக்குப் பத்து என்பது 9.3 சதுர மீட்டர். ஆக, சட்டப்படி இது தாராளமான இரண்டாவது அறை! பக்கத்துப் பெரும்பாக்கத்தில், வாரியக் குடியிருப்புகளில் வசிக்கும் பிள்ளைகளுக்குத் தனி அறை என்பதே பெரிய விஷயம். ராத்திரி ஹாலில் பாய் விரித்தால் ஹாலே பெட்ரூம். இந்த வீட்டு அம்மாவும் அப்படி வளர்ந்தவர்தான். ‘‘நாங்க நாலு பேர் ஒரே பாய்ல படுத்தோம்’’ என்று ஆரம்பித்தவர், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எல்லோரையும் போல இவர்களுக்கும் முதலில் தோன்றியது அடுக்குக் கட்டில். கீழே தம்பி, மேலே அக்கா. பாதி அறை மிச்சம். கடையில் ஏணி, சறுக்குமரம் எல்லாம் வைத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. தம்பி சறுக்குமரத்திலிருந்து இறங்க மறுத்து அழுதான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அறையைப் பார்க்க வந்த கார்பென்டர், அளவு டேப்பைத் தரையில் வைக்கவில்லை. கூரையைக் காட்டினார். ‘‘ஃபேனைப் பார்த்தீங்களாம்மா?’’

இந்த ஒரு கேள்வியைத்தான் இணையத்தில் சுற்றும் அழகழகான குழந்தைகள் அறைப் படங்கள் மறந்துவிடுகின்றன. அந்தப் படங்களில் பெரும்பாலும் சீலிங் ஃபேன் கிடையாது. நம் ஊரில் ஃபேன் இல்லாமல் அறை கிடையாது. கணக்கு எளிது. வழக்கமான ஃபேன், 48 இன்ச். அறையின் நடுவில் மாட்டியிருந்தால், இறக்கையின் நுனி சுவரிலிருந்து சரியாக மூன்றடியில் சுற்றும். சுவரோரம் போடும் ஒற்றைக் கட்டிலின் அகலமும் மூன்றடி. கூரை ஒன்பதரை அடி. ஃபேன் தொங்குவது எட்டரை அடியில். மேல் கட்டில் ஐந்தடி உயரத்தில் இருந்தால், அதில் உட்கார்ந்து சோம்பல் முறிக்கும் பிள்ளையின் கை எங்கே போகும்? ‘‘போர்வையை உதறினாலே மாட்டிக்கும்மா’’ என்றார் அவர். கட்டில் வியாபாரம் போகிறதே என்று அவர் யோசிக்கவில்லை.

ஃபேனைக் கழற்றிவிட்டு சுவர் ஃபேன் மாட்டியோ, ஏ.சி-யை மட்டும் நம்பியோ அடுக்குக் கட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போதும் ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையை மேலே படுக்கவைக்கக் கூடாது, மெத்தைக்கு மேலே குறைந்தது ஐந்து இன்ச் உயரத்துக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். தம்பியைக் கீழே படுக்கச் சொல்லலாம். அவன் பகலில் மேலே ஏறாமல் இருப்பான் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? அடுக்குக் கட்டில் அத்தோடு முடிந்தது.

பிறகு டேப் தரைக்கு வந்தது. எதிரெதிர்ச் சுவர்களில் ஆளுக்கொரு மூன்றடிக் கட்டில். நடுவில் நாலடி மிச்சம். கட்டிலின் நீளம் ஆறேகால் அடி என்பதால், அக்காவின் பக்கம் தலைமாட்டில் மூன்றடி மேஜை ஒன்றுக்கு இடம் கிடைத்தது. பிளக் பாயின்ட்டும் அங்கேயே இருந்தது. தம்பியின் பக்கம் கதவு திறக்க மூன்றடி போய்விட்டது. அவனுக்கு மேஜை இல்லை. எழுதப் படிக்க ஒரு மடக்குப் பலகை, கட்டிலுக்குக் கீழே சாய்த்துவைக்கலாம்.

கட்டில் விஷயத்தில் அம்மா ஒன்றே ஒன்றில் பிடிவாதம் பிடித்தார். கால்கள் இரும்பாக இருக்க வேண்டும், ஓர் அடி உயரமாவது இருக்க வேண்டும், தரையோடு ஒட்டிய டிராயர் எதுவும் கூடாது. ‘‘மாடிக்கெல்லாம் தண்ணி வராதும்மா’’ என்று கணவர் சொன்னதற்கு, ‘‘தெரியும்’’ என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை. மேஜைக்கு வாங்கிய பிளைவுட்டிலும் அதே கதை. சாதாரண எம்.ஆர். ரகம் ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும்; பி.டபிள்யூ.ஆர். ரகம் கொதிநீரைத் தாங்கும் பசையில் ஒட்டியது, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ரகம் அதற்கும் மேல். மேஜைக்கு மரைன் தேவையே இல்லை என்று கடைக்காரரே சொல்லி, பி.டபிள்யூ.ஆரில் முடித்துவைத்தார். வாங்குகிறவர் பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ரகமும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வாய்வார்த்தையில் எல்லாப் பிளைவுட்டும் ‘வாட்டர் ப்ரூஃப்’தான்.

மரம் முடிந்ததும் வர்ணம் வந்தது. அதாவது, வீட்டு ஓனர் வந்தார். வாடகை வீட்டுக்காரர்களின் முதல் விதி ஊருக்கே தெரியும்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் ஆன்ட்டி நல்லவர்தான். பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புவார். ஆணி என்று வந்துவிட்டால் மட்டும் வேறு ஆள். பெயின்ட் அடிக்கவும் அவருக்கு இஷ்டமில்லை. ‘‘காலி பண்ணும்போது மறுபடி க்ரீம் கலர் அடிச்சுக் குடுப்பீங்களா?’’ என்றார். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை வெள்ளையடிப்பது ஓனரின் பொறுப்பு. ஆனால், பெரும்பாலான ஒப்பந்தங்களில் வேறு மாதிரிதான் எழுதியிருக்கும். இவர்களுடையதிலும் அப்படித்தான். யாரும் சட்டம் பேசவில்லை. காபி குடித்தபடியே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பெயின்ட் வேண்டாம், இரண்டு ஓட்டை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

பசை கொக்கி ஒட்டினால் ஆணியே தேவைப்படாதே என்று கேட்கலாம். ஒட்டிப் பார்த்தார்கள். வெளிச்சுவர் ஓதம் குடித்திருந்தது. மூன்றாம் நாள் கொக்கியும், அதன் பின்னால் உள்ளங்கையளவு பெயின்ட்டும் சேர்ந்து விழுந்தன. அந்தச் சுவரைச் சுரண்டி, காயவிட்டு, பட்டி பார்த்த செலவு தனி. சதுப்பு நிலத்துப் பக்கம் வாழ்கிறவர்கள் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டிக்கர் வாங்கலாம். கட்டிலையும் சுவரிலிருந்து இரண்டு இன்ச் தள்ளிப் போடலாம். மெத்தையில் பூஞ்சை பிடிப்பது அப்படித்தான் குறையும்.

வர்ணச் சண்டை வேறு வழியில் தீர்ந்தது. அக்காவுக்கு லாவெண்டர், தம்பிக்கு போலீஸ் ஜீப் நீலம். சுவர் கிடையாது என்றானதும் அவரவர் கட்டிலின் தலைப்பலகைக்கு அவரவர் நிறம். பிள்ளைகள் கைபடும், சில சமயம் வாய்படும் பொருள் என்பதால் பெயின்ட் டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் பார்த்து வாங்கினார்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து இருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய டப்பாவை எடுத்துக் குழந்தைகள் கட்டிலுக்கு அடிப்பதுதான் ஆபத்து. அடித்த கையோடு பிள்ளைகளை நாலு நாள் ஹாலில் படுக்கவைத்தார்கள். அந்த நாலு நாளும் இரண்டு பேரும் ஒரே பாயில், ஒரே போர்வைக்குச் சண்டை போட்டபடி தூங்கியதை அப்பா போனில் படமெடுத்துவைத்திருக்கிறார்.

அந்த இரண்டு ஓட்டைகள் எதற்கு? எதிரெதிர்ச் சுவரில் ஒவ்வொரு கொக்கி. நடுவே இழுத்துக் கட்டிய ஸ்டீல் கம்பி. அதில் ஒரு பருத்தித் திரை. அறையை இரண்டாக்கியது அந்தத் திரைதான். இதிலும் ஃபேன் கணக்கு உண்டு. திரையைக் கூரைவரை ஏற்றினால் இறக்கையில் சிக்கும். ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டினால் இன்னொரு பக்கத்துக்குக் காற்று போகாது. அதனால், ஃபேனுக்கு நேர் கீழே, ஆறரை அடி உயரத்தோடு நிறுத்தினார்கள். மேலே இரண்டடி திறந்திருக்கிறது. காற்று இரண்டு பேருக்கும் சமம்.

திரையைவிடப் பெரிய நிம்மதி கொடுத்தது ஒரு விளக்கு. இந்த அறையில் தினமும் நடந்த நிஜச் சண்டை இடத்துக்கானது இல்லை, டியூப்லைட்டுக்கானது. தம்பிக்கு ஒன்பது மணிக்குத் தூக்கம் வந்துவிடும். அக்காவுக்கு ஹோம்வொர்க் முடிய பத்தரை ஆகும். லைட்டைப் போட்டால் அவன் அழுவான், அணைத்தால் இவள் ஹாலுக்கு வருவாள், ஹாலில் டி.வி ஓடும். மேஜையில் கவ்விக்கொள்ளும், நோட்டுப் பக்கம் மட்டும் வெளிச்சம் விழும்படி தலை குனிந்த சின்ன எல்.இ.டி விளக்கு ஒன்று வாங்கியதில் அது முடிந்தது. மொத்தச் செலவில் மிகக் குறைந்த செலவும் அதுதான்.

கதவில்லாத கடப்பா கல் ஷெல்ஃபில் மேல் இரண்டு தட்டு அக்காவுக்கு, கீழ் இரண்டு தம்பிக்கு. பரணில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மூடி இறுக்கமானது. அதில் ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்டுகள், பிறப்புச் சான்றிதழ், நாலாம் வகுப்பிலிருந்து வரைந்த டிராயிங் நோட்டுகள். அம்மாவே ஏறி வைத்தார்.

அக்காவுக்குக் கட்டில், மேஜை, விளக்கு, திரை. தம்பிக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, கட்டிலையோ வர்ணத்தையோ அவன் சொல்லவில்லை. ‘‘எனக்கும் ஒரு ஆணி’’ என்றான். ஸ்போர்ட்ஸ் டேயில் தவளை ஓட்டத்துக்குக் கொடுத்த மெடலை மாட்ட. கார்பென்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். டிரில் மிஷின் இன்னொரு முறை சத்தம் போட்டது.

மறுநாள் ஓனர் ஆன்ட்டி மேலே வந்தார். திரையை விலக்கிப் பார்த்தார், தலைப்பலகையைத் தடவிப் பார்த்தார், ‘‘நல்லாத்தான் இருக்கு’’ என்றார். பிறகு சுவரைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்.

‘‘ரெண்டுதானே சொன்னீங்க... மூணு இருக்கே?’’

தம்பி மெதுவாக நகர்ந்து, மெடலை மறைத்தபடி சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான்.